இதோ வர்றேன், அஞ்சு நிமிஷம்

1

இந்தக் கதை திருட்டுச் சொத்து. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. நேற்றுக் காலை என் தங்கை ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். சோபாவில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் புருஷனைத் திட்டித் தீர்த்தாள். கடைசியில், "இதை எழுதித் தொலைக்காதே" என்றாள். அவள் சொல்லும்வரை எனக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை.

[பொய். இருபதாவது நிமிடத்திலேயே தலைப்பு வந்துவிட்டது.]

விஷயம் இதுதான். தங்கை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வேறோர் ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். இரண்டு வருடம் அங்கே போய்ப் பொறுப்பேற்கும்படி அவளுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சரியா, இல்லையா என்ற பதிலை இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு கடிதம் வந்ததே அவள் புருஷனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், சண்டை எதுவும் இல்லை. பிறகு ஏன் தெரியாது என்பதுதான் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "சூடான பிளாஸ்டிக்கின் வாசனை அந்த வீட்டை ஒரு பழைய சோகத்தைப் போல—"

வேண்டாம். பிளாஸ்டிக் நாற்றம் பிளாஸ்டிக் நாற்றம்தான்.

இரண்டாவது முயற்சி: "மனிதன் தன்னைப் போல் ஒன்றைப் படைக்கத் துணிந்த அன்று—"

இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

மூன்றாவதாக, நேராகவே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் வீட்டிலேயே ரோபோ செய்கிறார். சாப்பாட்டு மேசையில் 3டி பிரிண்டர் குடியிருப்பதால் தங்கை ஒரு வருடமாக மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறாள். ஒரு விரல் அச்சாக இரண்டு மணி நேரம், ஒரு தோள்பட்டைக்குப் பதினோரு மணி நேரம். பாதியில் நூல் நூலாகப் பிரிந்து போனால் மறுபடி முதலிலிருந்து. அப்படி உருப்படாமல் போன கைகள் மட்டும் துணி துவைக்கும் வாளி நிறைய இருக்கின்றன. துணி துவைக்க வேறு வாளி வாங்கியாகிவிட்டது.

அதற்கு அவர் வைத்த பெயர் 'துணை'. தங்கை வைத்த பெயர் 'தண்டம்'.*

* சோறே தின்னாத ஒன்றைத் தண்டச்சோறு என்று சொல்ல முடியாதாம், அதனால் சுருக்கிவிட்டாள்.

[அடுத்த அறையிலிருந்து தங்கை: "அக்கா, கொஞ்சம் வாயேன்." நான்: "இதோ வர்றேன்." எழுதும்போது கூப்பிடக் கூடாதென்று இவளுக்கு எத்தனை தடவை சொல்வது?]

3

இந்த மாப்பிள்ளையை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. குடிப்பதில்லை, குரல் உயர்த்துவதில்லை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் தலையில் சோப்பு நுரையோடு ஓடுகிற ஆள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம், "பயப்படாதீங்க, நான் இங்கயேதான் இருக்கேன்" என்று இரண்டு மணி நேரமானாலும் பேசிக்கொண்டே இருப்பார். கெட்டவனாக இருந்தால் எனக்கு எழுத எவ்வளவு வசதி!

"நான் ஒரு தடவை லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டுப் பாக்கணும் போலக்கா" என்றாள் தங்கை.

கேட்டால் ரோபோவே அவளுக்காகத்தானாம். "நான் வேலையா இருக்கும்போது நீ கூப்பிட்டா வர்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல?" என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டுச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

4

இனி அவர் செய்த காரியம். யாராவது கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று தண்டத்துக்குக் கற்றுத்தர வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கு நாம் எதையும் விளக்க வேண்டியதில்லையாம். நிறையப் பார்க்க விட்டால் தானே கற்றுக்கொள்ளுமாம். அதனால் புத்தக அலமாரி மேல் ஒரு கேமராவை வைத்து, வீட்டில் நடப்பதையெல்லாம் நான்கு மாதம் பதிவு செய்து, மொத்தத்தையும் அதற்குள் ஊட்டிவிட்டார். உட்கார்ந்து ஒரு தடவையாவது அதைப் பார்த்தாரா என்றால் இல்லை. அதற்கு நேரம் ஏது?

போன மாதம் அரங்கேற்றம். என்னையும் அழைத்திருந்தார்கள். இடுப்பு உயரம், பச்சைத் தோள், ஆரஞ்சுக் கை (பச்சை தீர்ந்துவிட்டதாம்). சக்கரம் வைத்த கால்.

"கூப்பிடு, கூப்பிடு" என்றார் மாப்பிள்ளை.

தங்கை சமையலறையிலிருந்து, "கொஞ்சம் இங்க வர்றியா?" என்றாள்.

தண்டம் தலையைத் திருப்பியது. கண்ணில் விளக்கு எரிந்தது. மிகவும் இனிமையான குரலில், "இதோ வர்றேன், அஞ்சு நிமிஷம்" என்றது. பிறகு தலையை மறுபடியும் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றது.

நான்கு தடவை கூப்பிட்டாள். நான்கு தடவையும் அதே மரியாதை, அதே ஐந்து நிமிடம்.

"சக்கரம் இறுகிடுச்சு போல" என்றார் மாப்பிள்ளை.

தங்கை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, கண் துடைப்பது நிற்கவில்லை. "அது கெட்டுப் போகலக்கா" என்றாள் என்னிடம். "நல்லாத்தான் கத்துக்கிட்டிருக்கு."

அவர் அன்றைக்கே புதுச் சக்கரம் அச்சடிக்கப் போட்டார். அதன் பிறகு மோட்டாரை மாற்றினார். அதன் பிறகு இடுப்பு. எங்கே பழுது என்று கடவுளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தத் தண்டத்துக்கே தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

[தங்கை: "அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." நான்: "இதோ வர்றேன்டி, முக்கியமான இடத்துல இருக்கேன்."]

5

உண்மையிலேயே முக்கியமான இடம்தான். கடிதம் வந்த அன்று தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றாள்.

"என்னங்க, ஒரு விஷயம் பேசணும்."

"இதோ, இந்த ஸ்க்ரூவ மட்டும் போட்டுட்டு வந்துடறேன்."

நின்றாள். ஸ்க்ரூ முடிந்து அடுத்த ஸ்க்ரூ வந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் அந்த எண்ணம் வந்ததோ, தண்டத்தின் ஆரஞ்சு விரல்களைப் பிரித்து, கடிதத்தை நான்காக மடித்து உள்ளே வைத்தாள்.

"இதை அவர்கிட்ட குடு."

"இதோ, அஞ்சு நிமிஷம்" என்றது தண்டம்.

இது நடந்து ஆறு நாளாகிறது. கதைக்கு வேண்டுமென்று சாக்குச் சொல்லி இன்று காலை மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். கடிதத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாதென்று தங்கை சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அதோட கையில ஏதோ இருக்காமே மாப்பிள்ளை?"

"உங்க காதுக்கும் வந்துடுச்சா அக்கா?" குரலில் அப்படி ஒரு பெருமை. "ஆறு நாளா ஒரு பேப்பரப் பிடிச்சிட்டிருக்கு, கீழ விடவே இல்ல! என்ன பிடி பாருங்க!"

"என்ன பேப்பர்னு பாக்கலையா?"

"எடுத்துட்டா பிடி எவ்வளவு நாள் தாங்குதுன்னு எப்படித் தெரியும்?"

போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். இவரை நான் கற்பனையில் படைத்திருந்தால், மிகைப்படுத்திவிட்டேன் என்று நானே கதையிலிருந்து நீக்கியிருப்பேன்.

[தங்கை: "அக்கா, மணி நாலு ஆச்சு." நான்: "அஞ்சு நிமிஷம். முடிவு மட்டும்தான் பாக்கி."]

6

முடிவு, ஒன்று: பொறி தட்டியதுபோல மாப்பிள்ளை கடிதத்தை உருவிப் படிக்கிறார். சோப்பு நுரையோடு ஓடி வருகிறார். வாசல் மணி அடிக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிச் சோதனை இன்னும் முடியவில்லையே!

முடிவு, இரண்டு: தண்டமே சக்கரம் உருட்டிப் போய், கடிதத்தை நீட்டி, "வந்துட்டேன்" என்கிறது.

நான்கு மாதம் பார்த்ததில் ஒரு தடவையாவது யாராவது அப்படி வந்திருந்தால்தானே அதற்குத் தெரியும்?

முடிவு, மூன்று: ஐந்து மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது தங்கை தானே பதில் எழுதுகிறாள். "அவள் எழுதிய பதில்—"

[தங்கை: "அக்கா." நான்: "இதோ."]

"அவள் எழுதிய பதில்—"

இங்கே நின்றுவிட்டது. போகிறேன் என்று எழுதுவாளா, இருக்கிறேன் என்றா? அவளுக்குப் போக ஆசையா? போகாதே என்று அவர் சொல்ல வேண்டுமென்று காத்திருக்கிறாளா? இல்லை, நானும் வருகிறேன் என்று அவர் சொல்ல வேண்டுமா? நேற்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் புருஷன் சொன்னது, செய்தது, ஸ்க்ரூ போட்டது எல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். இதை மட்டும் கேட்கவில்லை.

7

மணி நாலு நாற்பது. அடுத்த அறையில் சத்தமே இல்லை.

எழுதியதை மேலிருந்து திரும்பப் படித்தேன். நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறாள். என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றே சொல்லியிருக்கிறாள். நான் சொன்ன பதில்களையும் என் கையாலேயே, அடைப்புக்குறி போட்டு, எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. மாப்பிள்ளை மேல் இருந்த எரிச்சலையெல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வாசகரே, மேலே மூன்று முடிவுகள் கிடக்கின்றன, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக ஒன்றை நீங்களே செய்துகொண்டாலும் சரி. உண்மையான முடிவு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போனபின் நடப்பதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எழுதாதே என்று அவள் சொன்னதை இனிமேலாவது கேட்கிறேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டேன், நின்றுகொண்டேதான் தட்டுகிறேன். இந்த வாக்கியம் பாதியில் நின்றுபோனால், நான் அவளிடம் போய்விட்டேன் என்று