எல்லாப் பட்டனுக்கும் பொட்டு

எண்பத்தி மூணுல வேலூர்ல பால்வாடி டீச்சர் டிரெயினிங்ல இருந்தோம், பதினெட்டு பேர். சென்டருக்கு ஒரே ஒரு டேப் ரிக்கார்டர். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பச்சைப் புள்ளைங்களுக்கு டீச்சர் வாய் போதாதா, பொட்டி இன்னாத்துக்கு?"ன்னு கேப்பேன். கூடப் படிச்ச கமலவேணிக்கு அதான் உசுரு. பரீட்சைக்குன்னு ஒரு மாசம் அலைஞ்சு அவங்க வீட்டு மாடு, ஆடு, தோல் ஷாப்புல ஊதுற சங்கு எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருந்தா. பாஸ் ஆகலன்னா ஆம்பூர்ல ஷூ தைக்கப் போகணும்னு அவங்கப்பா கண்டிஷனா சொல்லிட்டாரு.

"சம்பூர்ணம், செவப்புப் புள்ளி இருக்கிற பட்டனை மட்டும் தொடாதடி. நாம பேசுறது பதிஞ்சிடும், உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்"னு என்கிட்ட நூறு தடவை சொல்லியிருப்பா.

ஆயுத பூஜை வந்துச்சு. பொட்டிக்குப் பொட்டு வைக்கிற வேலை என் தலையில. பூஜைன்னா நான் குறை வைக்க மாட்டேன். பட்டன் பட்டனா சந்தனம் அப்பி, மேல லாங் பஜார்ல வாங்கின குங்குமம். பூஜையில வெச்ச பொட்டை யாரு தொடைப்பாங்க? அப்படியே இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு கணியம்பாடி பால்வாடியில புள்ளைங்களுக்குப் பாடம் நடத்திக் காட்டுற பரீட்சை. பாடம், மிருகங்க போடுற சத்தம். அன்னைக்குப் பாத்து எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பொட்டியைத் திட்டுன வாயாலயே கமலவேணிகிட்ட அவ டேப்பைக் கேட்டேன். "எடுத்துக்கடி"ன்னா மகராசி.

என் முறைதான் முதல்ல. பாத்தா எல்லாப் பட்டனும் செவப்பு, எழுத்தெல்லாம் சந்தனத்துக்கு அடியில. குத்துமதிப்பா ஒண்ணை அமுக்கினேன். சுத்துது, சத்தம் வரல. தொலையட்டும்னு நானே கரகரன்னு கத்தினேன். "மாட்டுக்கு சளி!"ன்னு புள்ளைங்க கூத்தடிச்சுதுங்க.

அடுத்து கமலவேணி. டேப்பைப் பின்னால சுத்திட்டுப் போட்டா. மாடு வரல, நான் வந்தேன். நான் அமுக்கினது அந்தச் செவப்புப் புள்ளி பட்டனைத்தான். அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஆனா புள்ளைங்க ஓடியாந்து பொட்டியை மொய்ச்சுக்கிச்சுங்க. "இது நானு! இது வேலு!" அவ சட்டுனு கீழ உக்காந்து, "அடுத்து சிரிக்கிறது யாரு, சொல்லுங்க பாப்போம்"னா.

"புள்ளைங்க குரலையே பதியலாம்னு யாரும்மா யோசிச்சது?"ன்னு பரீட்சைக்கு வந்த மேடம் கேட்டாங்க. கமலவேணி பொய் சொல்லத் தெரியாதவ. அவ வாயைத் தொறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "அவதான் மேடம். ஒரு மாசமா இதே வேலை."

ரெண்டு பேரும் பாஸ்.

வெளிய வந்ததும், "மன்னிச்சிக்கடி, மறுபடியும் எல்லாத்தையும் பதிஞ்சிக்கலாம்"னேன்.

"ஆடு பதியலாம், சங்கு பதியலாம்"னா அவ. "மாட்டைப் போன வாரம் வித்துட்டோம்டி."