நின்று கேட்ட கிளாரினெட்

அன்னவாசலில் எந்தக் கச்சேரி முடிந்தாலும் முதல் பொன்னாடை எங்கள் வீட்டுடையது. அன்று எண்பது வயது ஜெபக்குமார் வயலின், செல்லோ கலைஞர்களோடு கிளாரினெட்டில் தாளம் பிடிபடாத புதிய இசை ஒன்றை வாசித்தார். திடீரென எல்லாம் நின்றது. பங்காளி மகன் உதயசூரியன் தன் பொன்னாடையைப் பிரிப்பதைப் பார்த்ததும், முந்திக்கொண்டு மேடையேறினேன்.

வயலின்காரர்கள் வில்லை இறக்கவே இல்லை. அந்த மௌனமும் இசையில் சேர்த்திதான். சபை முன்னால் தலைகுனிந்து நின்றேன். அப்போது கிளாரினெட்டிலிருந்து நூலிழையாய் ஒரு சுரம் புறப்பட்டு, மூச்சு முறியாமல் வளர்ந்து, மண்டபத்தையே நிறைத்தது. அந்த வயதான நெஞ்சுக்குள் அவ்வளவு காற்றா! எனக்கு இறங்கத் தோன்றவில்லை. பொன்னாடையை அணைத்தபடி நின்றே முழுவதும் கேட்டேன், பிறகுதான் போர்த்தினேன்.

“என்ன பெரியப்பா, பாதியிலயே எந்திரிச்சுட்டீங்க?” என்று உதயசூரியன் சிரித்தான்.

“ஒக்காந்து கேக்குற வாசிப்பாடா அது?” என்றேன்.