நாற்பத்தேழாவது படம்

போட்டோக்காரர் சரியாக மூன்று மணிக்கு வந்தார். கையில் மூன்று மாதிரி ஆல்பங்கள், தோளில் கேமரா, முகத்தில் கல்யாண வீடுகளுக்கென்றே வைத்திருக்கும் சிரிப்பு. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்து, "பேசி முடிவு பண்றதுக்கே இவ்ளோ சொந்தக்காரங்களா!" என்று வியந்தபடி உள்ளே நுழைந்தவர், கூடத்துக் கட்டிலைப் பார்த்தார். தன்னை மூன்று மணிக்கு வரச் சொன்னவரே அதில் கண்மூடிப் படுத்திருந்தார். சிரிப்பை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் போட்டோக்காரர் அதைக் கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தார்.

காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மகள் தந்திதான் அவரை முதலில் கவனித்தாள்.

"ஐயோ, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"நேத்து சாயங்காலம் கடைக்கு வந்தாரே மேடம். நல்லாத்தானே இருந்தார்? மூணு மணின்னா மூணு மணி, மூணு அஞ்சுக்கு வந்தா கதவத் திறக்க மாட்டேன்னார்."

"காலைல போயிட்டாருங்க."

யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த வீட்டில் வெளியாட்களின் வருகையும் புறப்பாடும் அப்பாவின் இலாகா. காலை முதல் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

தந்தி என்பது பெயரல்ல, பட்டம். அதை அவள் பத்தொன்பது வயதில் சம்பாதித்தாள். அப்பா பேருந்து நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவர். ஒரு தகரக் கூண்டு, ஒரு நோட்டு, ஒரு விசில். அவர் ஊதினால் பஸ் கிளம்ப வேண்டும். மந்திரியே ஓடி வந்தாலும் ஊதியது ஊதியதுதான் என்பார். மந்திரிகள் யாரும் பஸ்ஸுக்கு ஓடி வந்ததில்லை. ஓடி வந்தது அம்மாதான்.

ஒன்பது வருடம் ஆகிறது. அம்மாவின் தங்கை வெளியூர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு பத்து பஸ்ஸைப் பிடிக்க அம்மா பையும் கையுமாக ஓடி வந்தாள். அப்பா கூண்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஊதினார். நாற்பது செகண்ட் வித்தியாசம். அடுத்த பஸ் நாலு மணிக்கு. அம்மா போய்ச் சேர்ந்தபோது தங்கையின் கட்டிலில் வேறு யாருக்கோ விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள எழுபது பேர் உட்கார்ந்திருந்தாங்க" என்று அப்பா விளக்கம் சொன்னார். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு எதற்குமே சொல்லவில்லை.

சண்டை இல்லை, சத்தம் இல்லை, பெட்டி தூக்குதல் இல்லை. ஒரே கூடத்தில் மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "சாப்பாடு வச்சாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. "குழம்புல உப்பு இல்லைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அப்பா. நடுவில் உட்கார்ந்திருக்கும் மகள் இடமும் வலமும் திரும்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இருவரும் கேட்காததுபோலவே இருப்பார்கள். பெரியப்பா அவளுக்குத் தந்தி ஆபீஸ் என்று பெயர் வைத்தார். நாளடைவில் ஆபீஸ் உதிர்ந்து தந்தி நின்றுவிட்டது. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை கிடைத்த பிறகு, பகல் முழுக்கச் சேர்ந்த செய்திகளை மாலையில் வந்து பட்டுவாடா செய்தாள்.

இன்று காலை அப்பா மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அடுக்களையிலிருந்து வந்து அவர் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழு பன்னிரண்டு" என்றாள். யாரிடம் என்று சொல்லவில்லை.

வந்த டாக்டர் சான்றிதழில் 'சுமார் ஏழு மணி' என்று எழுதினார். முப்பத்துநான்கு வருட நோட்டுகளில் ஒரு 'சுமார்' எழுதியிராதவருக்குக் கடைசியில் கிடைத்தது அதுதான்.

"பன்னிரண்டு நிமிஷத்தையும் சேத்து எழுதச் சொல்லு" என்றாள் அம்மா மகளிடம். டாக்டர் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

இன்னும் பன்னிரண்டு நாளில் தந்திக்குக் கல்யாணம்.

கல்யாணத்தன்று எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலைத் தானே போடுவதாக அப்பா ஒரு மாதத்துக்கு முன்பே கையில் எடுத்துக்கொண்டார். போட்டது பட்டியலல்ல, பஸ் அட்டவணை. நாற்பத்தாறு படங்கள். எண், ஆட்கள், வருகை, புறப்பாடு என்று நான்கு கட்டம். 'அத்தை குடும்பம், ஆறு பேர், வருகை 10.40, புறப்பாடு 10.44.' 'மாப்பிள்ளையின் நண்பர்கள், 11.02 முதல் 11.05 வரை, கண்ணாடி மாட்டிக் கூத்தடிக்க அரை நிமிடம் உட்பட.' சமையல்காரருக்கே மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்.

நேற்று மத்தியானம் அதைப் படித்துக்கொண்டே வந்த தந்தி பாதியில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒற்றைப்படை எண்களில் அம்மா. இரட்டைப்படை எண்களில் அப்பா. ஒரே வண்டி போகும் பாலத்தில் எதிரெதிரே வரும் இரண்டு பஸ்களை மோதாமல் அனுப்புவதுபோல, நாற்பத்தாறு படங்களில் ஒன்றில்கூட இருவரும் சந்திக்காதபடி அட்டவணை ஓடியது. அப்படியொரு வேலைப்பாட்டை அவள் பார்த்ததில்லை.

"அப்பா, நீங்களும் அம்மாவும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லையே?"

"நேரம் இல்லம்மா."

"சமையல்காரருக்கு மூணு நிமிஷம் இருக்கு."

"அவர் ஆறு மணிக்கே வந்துடுவார். பங்சுவலான ஆளு."

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்ப்பா வேணும். நீங்க ரெண்டு பேரும். நடுவுல நான் இல்லாம."

ஒன்பது வருடமாக எடுத்த எல்லாப் படத்திலும் நடுவில் அவள்தான் நின்றாள். பட்டமளிப்பு, பிறந்தநாள், வீட்டுக்குப் புது பிரிட்ஜ் வந்த நாள், எல்லாவற்றிலும். நடுவில் அவள் இல்லாமல் அந்த இருவரும் நிற்க முடியும் என்று ஒரு காகிதமாவது சாட்சி சொன்னால்தான், கல்யாணம் முடிந்து அவளால் இன்னொரு வீட்டில் தூங்க முடியும். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அவள் ஏன் தந்தியாகப் போகிறாள்?

"உங்கம்மா வந்து நிப்பாளான்னு கேளு" என்றார் அப்பா.

"நீங்களே கேளுங்க. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை."

அப்பா பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்தார்.

தந்தி மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரட்டைப்படை எண்களிலெல்லாம் 'அப்பா' என்ற சொல்லை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். "நீங்க எதுலயும் வேணாம். இப்ப நிறைய நேரம் மிச்சம்தானே?"

அப்பா தாளை வாங்கிச் சரிபார்த்தார்.

"இருபத்தி ரெண்டு அடிச்சிருக்க. ஒண்ண விட்டுட்ட" என்று விட்டுப்போன இடத்தைப் பென்சிலால் காட்டினார். அவள் அதையும் அடித்தாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பிரதி எடுத்துப் போட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவதாக வெளியே போனார். இரவு அவள் வேண்டுமென்றே சீக்கிரம் படுத்துவிட்டாள். அதனால் கடைசி நாள் செய்திகள் எதுவும் பட்டுவாடா ஆகவில்லை.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் மேடம்." போட்டோக்காரர் ஆல்பத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சார் குடுத்த லிஸ்ட்."

சுத்தப் பிரதி. அடிகோல் வைத்துப் போட்ட கட்டங்கள். அவள் அடித்த இருபத்துமூன்று இடங்களிலும் அப்பா இல்லை. அடித்தல் திருத்தலின் சுவடே இல்லாமல், அப்படி ஒருவர் அந்தக் குடும்பத்தில் இருந்ததே இல்லை என்பதுபோலச் சுத்தமாக இல்லை. நாற்பத்தாறுக்குக் கீழே, 'மாலை 5.45 போட்டோக்காரர் புறப்பாடு' என்று எழுதிக் கோடு இழுத்திருந்தார்.

கோட்டுக்குக் கீழே ஒரு வரி.

'47. பெண்ணின் பெற்றோர், இருவர் மட்டும். 6.00 முதல் 6.01 வரை.'

"நானும் கேட்டேன் மேடம்" என்றார் போட்டோக்காரர், குரலைத் தாழ்த்தி. "நான் அஞ்சே முக்காலுக்குக் கிளம்பிட்டா ஆறு மணிக்கு இத யாரு சார் எடுப்பாங்கன்னு. அது உங்க டியூட்டி இல்லைன்னுட்டார்."

தந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த அத்தை, "அழுதுரும்மா, அழுதுரு, நல்லது" என்று முதுகைத் தடவினாள்.

தாளை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுக்களையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டு படிப்பதுபோல ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வரை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இந்த இருபத்தி நாலாம் நம்பர்ல அவர் பேரு இருந்திருக்கணுமே?"

"நான்தான் அடிச்சேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். அம்மா தாளை நான்காக மடித்து, மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"டம்ளர் பத்தலைன்னு நினைக்கிறேன். பாரு" என்றாள்.

பெரியப்பாவுக்கு எந்தச் சாவிலும் தலைமை தாங்கிப் பழக்கம். போட்டோக்காரர் கேமராவோடு வந்திருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"வந்தது வந்துட்டார். குடும்பமா ஒண்ணு எடுத்துரலாமே? ஏம்மா தந்தி, உங்கம்மாவக் கூப்பிடு. தலைமாட்டுல நிக்கச் சொல்லு."

"வேணாம் பெரியப்பா."

"நாளைக்கு அந்த மனுஷன் படம் வேணும்னா எங்க போவ? இருக்கறதெல்லாம் கூண்டுக்குள்ள உட்கார்ந்து முறைச்ச படம்."

குரல் அடுக்களை வரை போனது. அங்கிருந்து பதில் வந்தது. "நான் நிக்கலைன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லு."

"இதென்ன, என்கிட்டயும் தந்தியா?" என்றார் பெரியப்பா. "கட்டினவன் போயாச்சு, இன்னும் யார்கிட்டம்மா வீராப்பு?"

வந்தவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், மண்டபத் தேதியை மாற்ற முடியுமா என்று இன்னொருவரிடம் காதோடு கேட்டார். அப்படியே பேச்சு மழைக்குத் தாவியது.

போட்டோக்காரர் பாவம், போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், ஆல்பங்களை மடியில் வைத்து ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு கிழவர் அதில் ஒன்றை வாங்கி, முன்பின் தெரியாத ஜோடி ஒன்று கடற்கரையில் குதிப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் போட்டோக்காரர் எழுந்து கட்டிலின் முன் கைகூப்பிவிட்டு, தந்தியிடம் தலையசைத்துக் கிளம்பினார். அவள் தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள். ஐந்தே முக்கால்.

சுவரில் இருந்தது பணி ஓய்வுக்கு நிலையத்தில் கொடுத்த கடிகாரம். கட்டிலுக்கு நேர் மேலே மாட்டியிருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு வண்டி வந்தது. டிரைவர் இறங்கி வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"ஆறரைக்கு மேல மயானத்துல உள்ள விட மாட்டாங்க. சீக்கிரம்."

"தூக்கலாம், தூக்கலாம்" என்று பெரியப்பா ஆட்களைத் திரட்டினார். நாலு பேர் வந்து கட்டிலின் நாலு மூலையிலும் நின்றார்கள். "உங்கம்மா எங்க? வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு. நேரமாச்சு."

தந்தி அடுக்களை வாசலுக்குப் போனாள். அம்மா முகம் கழுவியிருந்தாள். சின்னக் கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல் வகிடு எடுத்தாள்.

"அம்மா, வண்டிக்காரர் நிக்கிறார்."

"நிக்கட்டும்."

சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டிப் போட்டாள். அடுக்களை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கட்டிலின் தலைமாட்டில், அப்பாவின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி ஸ்டூலைப் போட்டு, முகத்தை அவர் பக்கம் திருப்பாமல் நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, தூக்கற நேரத்துல..." என்றார் பெரியப்பா.

"எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்றாள் அம்மா மகளிடம்.

தந்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு மூலையிலும் நின்றவர்கள் தாமாகவே விலகினார்கள். கட்டிலுக்கும் ஸ்டூலுக்கும் எதிரே இடம் காலியானது. தந்தி அந்தக் காலியிடத்தில் நின்றாள். கைபேசி கையில்தான் இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. அட்டவணைப்படி அந்த நேரத்தில் படமெடுக்க ஆள் கிடையாது.

மணி ஆறு. செகண்ட் முள் பன்னிரண்டைத் தாண்டியது.

வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா கண் இமைக்கவில்லை. முள் மூன்றுக்கு வந்தது. யாரோ இருமினார்கள். ஆறுக்கு வந்தது. பெரியப்பா வாசலை எட்டிப் பார்த்தார். அம்மா இப்போது தலையைத் திருப்பி மேலே கடிகாரத்தைப் பார்த்தாள். முள் எட்டைத் தொட்டது. நாற்பது.

அம்மா எழுந்தாள். மிச்சமிருந்த இருபது செகண்டுக்கு அவள் உட்காரவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டாள்.

"இப்ப போகச் சொல்லு உங்கப்பாவை" என்றாள்.

ஒன்பது வருடப் பழக்கம். தந்தி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அம்மா போகச் சொல்றாங்க."