பூட்டுக்காரன் வைத்த சோதனை

தான் ஒருமுறை உடைத்துத் திறக்க முயன்று பார்க்காத பூட்டை அந்தப் பூட்டுக்காரன் விற்றதே கிடையாது. மொத்த வியாபாரி பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினால், வகைக்கு ஒன்றாக எடுத்து, கம்பியை விட்டு நெம்புவான். சுத்தியலால் இரண்டு போடு போடுவான். அப்படியும் அசைந்துகொடுக்காத வகைதான் கடையில் தொங்கும். மற்றதெல்லாம் பெட்டியோடு திரும்பிப் போகும். "திருடன்கிட்ட அடி வாங்கறதுக்கு முன்னாடி அது என்கிட்ட வாங்கணும்" என்பான். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவன் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

கடையில் அது நல்ல பழக்கம்தான், குறை சொல்ல முடியாது. அதை வீட்டுக் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுவந்தான் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது.

கம்ப்யூட்டர் அவள் உடைமை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பேட்டர்ன் வரைவது அவள் வேலை. துணியை வெட்டுவதற்கு முன்னால் கைக்கு, கழுத்துக்கு, முதுகுக்கு என்று தனித்தனியாக அளவு வரைந்து கொடுப்பார்களே, அதுதான். பன்னிரண்டு வருஷம் அங்கே குனிந்து நிமிர்ந்துவிட்டு, இந்த வருஷம்தான் துணிந்து வேலையை விட்டாள். படுக்கையறை மூலையில் மேஜை போட்டு, தன் பெயரிலேயே வேலை பிடித்துச் செய்யத் தொடங்கியிருந்தாள். முதல் பெரிய வேலையாக ஓர் ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடை வந்திருந்தது. பதினான்கு அளவுகள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ஐந்து வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து பன்னிரண்டு அளவை முடித்திருந்தாள். இது ஒழுங்காகப் போனால் டாக்டர்களின் கோட்டும் உங்களுக்குத்தான் என்று சீருடைக் கம்பெனி மேனேஜர் சொல்லியிருந்தார். போகாவிட்டால் பழைய தொழிற்சாலை வாசலில்தான் போய் நிற்கவேண்டும். அங்கே சூப்பர்வைசர், "என்னம்மா, அதுக்குள்ள திரும்பிட்டீங்க?" என்று கேட்பார். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "மேனேஜர் இன்னைக்கு ஒண்ணு கேட்டாருங்க. கம்ப்யூட்டர்ல வைரஸ் பாதுகாப்பு ஏதாவது இருக்கான்னு."

"இருக்கா?"

"அதோட கூடவே வந்தது ஒண்ணு இருக்கு. தம்பியக் கேட்டேன், அதுவே போதும்னான்."

"கூடவே வந்ததா!" பூட்டுக்காரனுக்குச் சுருக்கென்றது. "வீட்டைக் கட்டி விக்கிறவன் மாட்டிக் குடுக்கிற பூட்டை நம்பி எவனாவது தூங்குவானா?"

"இது கதவு இல்லங்க."

"எல்லாமே கதவுதான்."

"சரி சாமி, வெள்ளிக்கிழமை அனுப்பி முடிச்சிடறேன். அப்புறம் என்ன வேணும்னாலும் மாட்டிக்கோங்க" என்று சொல்லி அவள் திரை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் ஏன் இதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

புதன்கிழமை காலை துணி மாதிரி பார்க்க அவள் கிளம்பிப் போனாள். படி இறங்கும் சத்தம் அடங்கியதும் பூட்டுக்காரன் மைத்துனனுக்குப் போன் போட்டான்.

"இருக்கிறதே நல்லது மாமா. சும்மா விடுங்க" என்றான் மைத்துனன்.

"காசில்லாம கிடைக்கிறதுல நல்லது எது? அதை மட்டும் சொல்லு."

"நிறைய இருக்கு. எடுக்கிறதா இருந்தா கம்பெனியோட சொந்தப் பக்கத்துலேர்ந்து மட்டும் எடுங்க. ரெண்டை ஒண்ணா வைக்காதீங்க, ஒண்ணை இன்னொண்ணு திருடன்னு நினைச்சு அடிச்சுக்கும். முக்கியமா, அக்காவோட வேலையை மொதல்ல பென் டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க."

மூன்றையும் அவன் அட்சரம் பிசகாமல் செய்தான். முதலில் காப்பி எடுத்தான். எடுத்த பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டான். பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்டுப் போகிற ஜனங்களை வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த மனுஷன் அவன்.

இலவசப் பாதுகாப்பில் மூன்று அவன் கண்ணுக்குப் பட்டன. சிங்கப் படம் போட்டது ஒன்று, ஆந்தை போட்டது ஒன்று, யானை போட்டது ஒன்று. கூடவே வந்ததை அணைத்துவிட்டு, சிங்கத்தை முதலில் இறக்கினான். வந்ததும் வராததுமாக, "இது போதாது, பெரிய சிங்கத்தை வாங்கு" என்று ஐந்து நிமிஷத்துக்கொரு முறை நச்சரித்தது. ஆந்தை பரவாயில்லை, ஆனால் ஈமெயில் முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. "பூட்டு வாங்க வந்தவன்கிட்ட ஜாதகமா கேட்பாங்க?" என்று முணுமுணுத்தான். யானைதான் ஒன்றும் கேட்கவில்லை. அடக்கமாக மூலையில் போய் நின்றது. அவனுக்கு அதைத்தான் பிடித்திருந்தது.

ஆனால் பிடித்திருந்தால் மட்டும் போதுமா? உடைத்துப் பார்க்க வேண்டாமா?

மனைவியின் ஈமெயிலில் குப்பை என்று ஒதுக்கிய பகுதியில் ஒரு கடிதம் கிடந்தது. உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, ரசீதைத் திறந்து பாருங்கள் என்று இருந்தது. எந்தப் பார்சலும் வரவில்லை. நேற்று அவளே அதைக் காட்டி, "இதெல்லாம் திருட்டுப் பசங்க அனுப்பறது" என்று சொல்லியிருந்தாள். சோதனைக்கு அசல் திருடனே கிடைத்துவிட்டான் என்று அவனுக்கு ஒரே குஷி. சிங்கம் இருந்தபோதே அந்த ரசீதை ஒருமுறை திறந்து பார்த்திருந்தான். சிங்கம் திரை முழுக்கச் சிவந்து தடுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு ஆந்தையைப் போட்டுத் திறந்தான். ஆந்தையும் தடுத்தது. இப்போது ஆந்தையும் போய் யானை மட்டும் இருந்தது. "தயார்" என்று பெரிய எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், "வைரஸ் பட்டியல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, காத்திருக்கவும்" என்றும் இருந்தது. பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு மூன்றாவது முறையாக ரசீதைத் திறந்தான்.

யானை ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருந்தது. பிறகு திரையிலிருந்த கோப்புகளின் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளாக மாறின. கை, கழுத்து, முதுகு என்று அவள் வைத்திருந்த பெயர்களுக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. பதறிப்போய் மின்சாரத்தைப் பிடுங்கினான். மறுபடி போட்டபோது ஒரு கறுப்புத் திரை வந்தது: உங்கள் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் அனுப்புங்கள். பென் டிரைவிலும் அதே கதைதான்.

பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது ஏன் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

மதியம் அவள் வந்தாள். கறுப்புத் திரையைப் பார்த்தாள். கையிலிருந்த துணி மாதிரிகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது?"

"வைரஸ் வந்துருச்சு போல. நான் பாதுகாப்பு போடலாம்னு உட்கார்ந்தேன். அதுக்குள்ள..." என்று மென்று முழுங்கினான்.

பொய் என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. அதுதான் அதில் இருந்த விஷம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அய்யோ, நான்தாங்க. நேத்து அந்தப் பார்சல் கடிதத்தை உங்களுக்குக் காட்டினேனே, அப்பவே கை பட்டிருக்கும். நேத்தே நீங்க சொன்னீங்க, கூட வந்த பூட்டை நம்பாதேன்னு. கேட்டேனா நான்?" சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. இத்தனை படிச்சுட்டு இப்படியா அக்கான்னு கேட்பான்."

இல்லை, நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பூட்டுக்காரன் வாயைத் திறந்தான். "அழாதே" என்று மட்டும் சொன்னான். கோழை.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதை யாராலும் திறக்க முடியாது, துடைத்துவிட்டுப் புதுசாகத்தான் தொடங்க வேண்டும் என்றார். துடைத்தார்கள். ஐந்து வார வேலை போனது போனதுதான். நடு அளவு ஒன்றை மட்டும் தாளில் அச்செடுத்து வைத்திருந்தாள். அதை வைத்துக்கொண்டு மற்ற பதின்மூன்றையும் கையால் ஏற்றியும் இறக்கியும் வரைய வேண்டும்.

வியாழக்கிழமை அவன் கடையைத் திறக்கவில்லை. கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டுத் தரையில் தாள் விரித்தார்கள். அவள் சொன்ன இடத்தில் ஸ்கேலைப் பிடித்தான், பென்சில் சீவினான், வெட்டினான். நடுநடுவே அவள் நிமிர்ந்து, "கடையப் போட்டுட்டு எனக்காக இப்படி முட்டி தேய உட்கார்ந்திருக்கீங்க. இந்தப் பாவி பண்ணின வேலைக்கு..." என்பாள். ஒவ்வொரு முறையும் அவனுக்குச் செருப்பால் அடி வாங்கியதுபோல இருந்தது. சட்டைப் பையில் பென் டிரைவ் குத்திக்கொண்டே இருந்தது.

பதினோரு மணிக்கு மேனேஜர் போனில் வந்தார். அவள் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"சார், தப்பு என்மேலதான் சார். வைரஸ் கடிதத்தை நான்தான் தெரியாம தொட்டுட்டேன். எல்லாம் அழிஞ்சு போச்சு. நாலு நாள் கூடக் குடுங்க சார், கையாலேயே போட்டுத் தந்துடறேன்."

"என்னம்மா இது? செவ்வாய்க்கிழமைதான் கேட்டேன், பாதுகாப்பு இருக்கான்னு. இருக்குன்னீங்க. இவ்வளவு அலட்சியமா இருக்கிறவங்களை நம்பி அடுத்த வேலையை நான் எப்படிக் குடுக்கிறது? சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சொல்றது நியாயம்தான் சார்" என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டுப் போன் பக்கம் குனிந்தான்.

"சார், நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். அவங்க எதையும் தொடல. நான்தான் திறந்தேன்."

மேனேஜர் கேட்டார்: "தெரியாம திறந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் சார். பாதுகாப்பு வேலை செய்யுதான்னு பார்க்கிறதுக்கு."

"வைரஸ்னு தெரிஞ்சே?"

"ஆமா சார். மூணு தடவை."

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் மேஜைல இருக்கணும்மா. அந்தக் கோட்டு வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் அந்த ஆளைக் கம்ப்யூட்டர் கிட்டயே விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பூட்டுக்காரன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தாளின்மேல் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. அவள் பென்சிலை எடுத்துத் தோள்பட்டைக் கோட்டை முழுசாக வரைந்து முடித்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"போன வருஷம் வாஷிங் மெஷின் நின்னுச்சே. நான் துணியை அளவுக்கு மீறித் திணிச்சுட்டேன்னு ரெண்டு மாசம் என்னையே திட்டிட்டிருந்தேன்."

அவன் ஸ்கேலைத் தேடுவதுபோலக் குனிந்தான்.

"அதுவும் நீங்கதானா?"

"ஓடும்போது இழுத்தா அந்த மெஷின் கதவு தாங்குதான்னு..." என்று இழுத்தான். "ஒரே ஒரு தடவைதான்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். தரையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சரி. கல்யாணமான வருஷத்துலேர்ந்து ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் எதுக்கெல்லாம் அழுதேன்னு எனக்குத் தெரியணும்."