பின்னால் பிடிப்பவள்

மாமியார் கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் நழுவியபோது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எது விழத் தொடங்கினாலும் என் இடது தோளுக்குக் கீழே சுருக்கென்று இழுக்கும். மூச்சை இறுக்கிப் பிடித்தேன். தம்ளர் தரைக்கு ஒரு சாண் மேலே நின்று, கொஞ்சம் தயங்கி, பிறகு மெல்ல உட்கார்ந்தது. "இந்த வீட்டுச் சாமானுக்கு ஆயுசு கெட்டி" என்று அத்தை பெருமையாகச் சொல்லிக்கொண்டே குனிந்து எடுத்தார். விழுந்த தம்ளர் ஏன் உடையவில்லை என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று காலை அவருடைய யோசனையெல்லாம் வேறொன்றில் இருந்தது. என்னை எப்போது ஊருக்கு அனுப்பலாம் என்பதில்.

"உன் பெரியப்பாவ பாத்துக்க ஆளில்லையாம்டா. இவ வீட்ல சும்மாத்தானே இருக்கா. போய் இருந்துட்டு வரட்டும்."

என் கணவர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சரிம்மா. வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் போகட்டும்."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன்.

"அவர் தேறுற வரைக்கும்" என்றார் அத்தை. பெரியப்பாவின் வயதில் யாரும் தேறுவதில்லை என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இது உண்டு. என் கண்ணோ காதோ எட்டாத தூரத்திலும், ஒரு தெரு நீளத்துக்குள் எது சரிந்தாலும் எனக்குத் தெரியும், பிடித்தும் வைப்பேன். அம்மா ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். கல்யாணமாகிக் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்துப்போய், "அங்க இதையெல்லாம் காட்டிக்காதடி. பயந்துடுவாங்க. இல்லன்னா வேல வாங்கிடுவாங்க" என்றாள். ஆனால் என்னை அவர்களுக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். பெண் பார்க்க வந்த அன்று நான் காபித் தட்டோடு வரும்போது யாரோ ஒருவருடைய கால் தடுக்கியது. தட்டு சாய்ந்தது, ஒரு சொட்டு சிந்தவில்லை. "என்ன நிதானம், பாருங்க" என்று அத்தை அங்கேயே முடிவு செய்துவிட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி நல்ல கனமானது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் அவர் பார்க்கவில்லை. கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. நான் இருக்கிறேன் என்பது அவருக்கு மறந்துபோகும், அவ்வளவுதான். ஒருமுறை உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்தால், வாசற்படியில் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். "எங்க போன? சாவி உன்கிட்டதான இருக்கு" என்றார். சாவி மட்டும் அவரிடம் இருந்திருந்தால் மறுநாள் காலைவரை தேடியிருக்கமாட்டார். அன்று எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீடு மாடியில், அவருடைய கண்ணாடிக் கடை கீழே. ஜன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி என்று எல்லாம் வெட்டிப் பொருத்திக் கொடுப்பார்கள். எல்லாம் எங்கள் தெருவுக்குள்ளேயே நடக்கும் வேலைதான். கீழே ஒரு கண்ணாடிப் பலகை சாயும்போதெல்லாம் மேலே காய் நறுக்கிக்கொண்டே பிடித்து நிறுத்துவேன். நான் வந்ததிலிருந்து அந்தக் கடையில் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. வியாபாரம் பெருகியது. ஊரே அவரை 'ராசிக்கை' என்று கூப்பிட ஆரம்பித்தது. ஆரம்பத்தில் சிரித்து மழுப்பினார். பிறகு அவரே நம்பிவிட்டார். கைகளை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். கண்ணாடியைச் சுற்றிக் கட்டும் தாங்குபட்டைகள் மூலைக்குப் போயின. மேலே ஏற்றும்போது கட்ட வேண்டிய இரண்டாவது கயிறும் போயிற்று. "நான் பக்கத்துல நிக்கும்போது அது எதுக்கு?" என்பார். கடையின் மூத்த ஆள் ஒருவர்தான் இதற்கு முகம் சுளிப்பார். எதைத் தூக்கினாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்வதால் அவருக்குப் பெயரே மெதுவா அண்ணன்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. பெரிய கண்ணாடியைத் தூக்கிப் போகும்போது முன்னால் பிடிப்பவர் மட்டும்தான் பேசலாம். "படி", "திருப்பம்", "ஈரம்" என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். பின்னால் பிடிப்பவர் "ம்" மட்டும் சொல்ல வேண்டும். பேச்சுக்குப் பேச்சு கொடுத்தால் கவனம் சிதறும். மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் குடித்தனமும் அதே முறையில்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு வித்தியாசம், முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஆள் பிடித்திருப்பதே தெரியாது.

வியாழக்கிழமை அன்றுதான் தெருக்கோடியில் புதிதாகக் கட்டிய நூலகத்துக்கு முகப்புக் கண்ணாடி ஏற்றுவதாக இருந்தது. இரண்டு பெரிய பலகைகள். அவர் அதுவரை தொட்டதிலேயே பெரிய வேலை. நான் பஸ் ஏறிவிட்டால் அந்தத் தெரு என் பிடிக்கு எட்டாது. அது தெரிந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி போனால் போகட்டும். அதன் அடியில் ஆட்கள் நிற்பார்களே. வியாழக்கிழமை காலை, அம்மா பேச்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அவரிடமே சொன்னேன்.

"ரெண்டாவது கயிறு கட்டுங்க. நான் ஊர்ல இல்லன்னா கண்ணாடி உடையும்."

வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "ஓ, நீதான் இத்தன நாளா தாங்கிப் பிடிக்கிறியா?"

"ஆமா."

"சரி சரி. போகும்போது சாவிய அம்மாகிட்ட குடுத்துட்டுப் போ."

கிணற்றில் போட்ட கல்தான். முன்பதிவு செய்திருந்த பஸ் டிக்கெட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பஸ் நிறுத்தம் நூலகத்துக்கு எதிரில். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருந்தது. முதல் பலகை மரச்சட்டத்துக்குள் அமர்ந்து, ஒற்றைக் கயிற்றில் மேலே போய்க்கொண்டிருந்தது. நாலைந்து பேர் உருளையில் கயிற்றை இழுத்தார்கள். அடியில் ராசிக்கை ஒரு கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மெதுவா அண்ணன். பஸ் திருப்பத்தில் தெரிந்தது. நான் பையைத் தூக்கினேன். தோளுக்குக் கீழே இழுத்தது. சுருக்கென்று இல்லை; யாரோ உள்ளே கைவிட்டுப் பிடித்து உலுக்கியதுபோல.

முடிச்சிலிருந்து கயிறு உருவிக்கொண்டது.

யாரும் கத்தவில்லை, அதற்கு நேரமில்லை. கண்ணாடி அவர் தலைக்கு மேலே வந்து நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கையில் வெறும் கயிறு தொங்கியது. என் கையிலிருந்து பை விழுந்தது. அதைப் பிடிக்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவு பெரிய கனத்தை நான் தொட்டதே இல்லை. வழக்கம்போல நைசாகத் தரையில் உட்கார வைக்கலாம் என்றால் அடியில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். பேசாமல் முடியாது. பேசினால் தெருவுக்கே தெரிந்துவிடும்.

தெரியட்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் கனம் பாதியாகக் குறைந்தது.

"அண்ணே, வெளிய வாங்க" என்றேன். மெதுவா அண்ணன் ஒரே எட்டில் வெளியே வந்தார். வாழ்க்கையில் அவர் மெதுவாகச் செய்யாத ஒரே காரியம் அதுவாக இருக்கும். என் கணவர் அசையவில்லை. தூக்கிய தன் கையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராசிதான் தாங்குகிறது என்று அப்போதும் நினைத்தார் மனிதர்.

"இடது பக்கமா நகருங்க. அங்க படி."

"ம்" என்றார், தொழில் பழக்கத்தில். படியைத் தாண்டி நகர்ந்தார். அதற்குப் பிறகுதான் குரல் எங்கிருந்து வருகிறது என்று திரும்பினார்.

கண்ணாடியைக் கீழே இறக்கியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. இத்தனை காலம் விழுவதை நிறுத்தியிருக்கிறேனே தவிர, எதையும் உயர்த்தியதில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன். கண்ணாடி ஒருமுறை ஆடிவிட்டு ஏற ஆரம்பித்தது. முதல் மாடியைத் தாண்டியது. வானமும் மேகமும் அதில் நகர்ந்தன. நூலக முகப்புச் சட்டத்தின் விளிம்பில் லேசாகத் தட்டி, சரியாக அதன் இடத்தில் போய் அமர்ந்தது. "ஆணி அடிங்க" என்றேன். சாரத்தில் நின்றவர்கள் மேஸ்திரி சொன்னதுபோல அடித்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பஸ் வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும் எண்ணம் அவருக்கு இல்லை. என் கணவர் வீதியைக் கடந்து வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"நீயா?"

"ஆமா."

"இத்தன நாளும்?"

"சொன்னேனே."

கைகளைத் திருப்பிப் பார்த்தார். வெறும் கைகள். பாவமாகத்தான் இருந்தது, அதற்காக நான் இறங்கிப் போகவில்லை. "பயப்படாதீங்க. ஆனா இனிமே நான் திருட்டுத்தனமா பிடிக்கமாட்டேன்" என்றேன். அவர் தலையாட்டினார். கீழே கிடந்த என் பையைத் தானே எடுத்துத் தட்டித் துடைத்தார். "வா, வீட்டுக்குப் போலாம். பெரியப்பாவுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"ஏற்பாடு பண்ணியாச்சு" என்று டிக்கெட்டை அவர் சட்டைப் பையில் வைத்தேன். "உங்க பெரியப்பா. நீங்க போங்க. கடைச் சாவிய குடுத்துட்டுப் போங்க."

"நானா? எனக்கு அங்க என்ன செய்யத் தெரியும்?"

"அவர் விழாம பிடிச்சுக்கணும். அவ்வளவுதான்."

டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். "எத்தன நாளைக்கு?"

"அவர் தேறுற வரைக்கும்."

மெதுவா அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. என் கணவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். என் சேலைகள் மடித்து வைத்திருந்த பையோடு பஸ்ஸில் ஏறிவிட்டார் என்பது, பஸ் நகர்ந்த பிறகுதான் அவருக்கும் எனக்கும் உறைத்தது. ஜன்னல் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து என்னைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி, பஸ் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டே போனார்.

இரண்டாவது பலகை நூலகச் சுவரில் சாய்ந்து நின்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, நீயே ஏத்திடுறியா?" என்றார் மெதுவா அண்ணன்.

"இல்லண்ணே. ரெண்டு கயிறு கட்டுங்க. மூலையில போட்ட பட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

கட்டினார்கள். முடிச்சுகளை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். கைகளைக் கட்டிக்கொண்டேன். சாவிக்கொத்து இடுப்பில் கனத்தது.

"தூக்கலாமா?" என்றேன்.

கயிற்றைப் பிடித்திருந்தவர்களோடு, நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள்: "ம்."