அம்மா டிப்பரும் சூப்பு அண்டாவும்

1.

இந்தக் கதை என் பூட்ஸ் மிதந்ததிலிருந்து பிறந்தது. ஜனவரியில் ஒரு காலை கதவருகே வந்தால் வாசல் நடை முழுக்கத் தண்ணீர். ரப்பர் பூட்ஸ் ஒன்று என்னை நோக்கி நீந்தி வந்தது. காரணம், வாய்க்காலில் எனக்கு மேலே இருக்கும் வீட்டு இகுயோ அக்கா. அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி:

"வெள்ளைப் போர்வை போர்த்திய யமாகதா மலைகளின் மடியில்—"

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் பனியை யாரும் போர்வை என்று சொல்வதில்லை. போர்வையென்றால் காலையில் மடித்து வைத்துவிடலாம்.

2.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். அக்காவும் நானும் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை. புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பு அண்டாவை இரண்டு பேராகத்தான் தூக்க வேண்டும். ஒரு பிடி அவள், மறுபிடி நான். போன குளிர்காலத்தில் உறைந்த படியில் வழுக்கி அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் படுக்கை. தொடை இரண்டும் முள்ளங்கி மாதிரி ஆகிவிட்டன. (எங்கள் ஊர் முள்ளங்கி பருமன். மெலிந்த முள்ளங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

ஏப்ரலில் பள்ளி திறக்கும்போது அண்டாவைத் தூக்கினால் பழைய இடம். இல்லையென்றால் அந்தப் பிடி வேறொருத்திக்கு.

[ஒரு சந்தேகம். அக்காவைப் பொறுமைசாலி என்று முதலில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு அவளே கேட்டாள்: "யாருடி இவ, நம்ம தெருவுக்குப் புதுசா குடி வந்தவளா?" அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.]

3.

ஆஸ்பத்திரியில் உடம்பைப் பழக்கச் சொன்னார்கள். அவள் வீட்டுக்காரர் தொகுஜி அண்ணன் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி வந்தார். அதில் இப்போது அவருடைய ஈரக் கையுறை காய்கிறது.

"ஊரெல்லாம் பனி கொட்டிக் கெடக்கு. வீட்டுக்குள்ள ஓடாத சைக்கிள மிதிக்கச் சொல்றார் மனுஷன்."

"வெளிய விழுந்தா என்ன பண்ணுவே?" என்றார் அண்ணன்.

"பனியில விழுவேன். உங்க சைக்கிள்லேர்ந்து விழுந்தா தரையில."

முதலில் துடைப்பம். படியில் விழுந்த புதுப் பனியைத் தள்ளினாள். அப்புறம் உறைந்த இடத்தில் சாம்பல் தூவினாள். அப்புறம் சின்ன மண்வாரி. முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து, கொஞ்சமாக அள்ளு, இடுப்பைத் திருகி வீசாதே. மூச்சு வாங்கினால் நின்று, என் ஜன்னலைப் பார்த்து வம்பளப்பாள். புத்தாண்டுக்குப் பிறகு வம்பு குறைந்தது. உடம்பு தேறுகிறது என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது அம்மா டிப்பர்* ஒன்றுதான். அதை அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

*இரு கையாலும் தள்ளும் பெரிய பனிவாரி. வீட்டு அம்மாக்களும் தள்ளலாம் என்பதால் அந்தப் பெயர். அப்பாக்கள் தள்ளினாலும் பெயர் மாறாது.

4.

தெருவோரம் மூடி போட்ட வாய்க்கால் ஓடுகிறது. காலையில் எங்கள் வரிசைக்குத் தண்ணீர் விடுவார்கள். மூடியைத் தூக்கிப் பனியைக் கொட்டுவோம். ஒரே சட்டம்: உடைத்துப் போடு. மேல்வீட்டார் கட்டியாகப் போட்டால் கீழ்வீட்டில் வெள்ளம்.

அன்று அக்கா டிப்பரைக் கண்டுபிடித்துவிட்டாள். இறுகிப்போன பனியை முழுசாக வாரி, முட்டி மடக்கி, தொடையைக் கொடுத்துத் தள்ளினாள். அது நகர்ந்தது. நகர்ந்த சந்தோஷத்தில் உடைக்க மறந்து அப்படியே கவிழ்த்தாள். கட்டி என் வாசலெதிரே வாய்க்கால் வளைவில் போய் அடைத்துக்கொண்டது.

காலுறையோடு ஓடினேன்.

"அக்கா, உன் கால் சரியாயிடுச்சுன்னு ஆறே என் வீட்டுக்குள்ள வந்து சொல்லுது."

"ஒரே தள்ளுடி மிசுஹோ. முழுசா. பாத்தியா?"

"நான் பாக்கல. என் பூட்ஸ் பாத்துச்சு."

அண்ணன் கடப்பாரையோடு வந்தார். "நீ உள்ள போ, நான் குத்துறேன்."

"போட்டது யாரு? குடுங்க இப்படி."

பிடுங்கிக் குத்தினாள். நாலாவதோ ஐந்தாவதோ குத்தில் கட்டி பிளந்து தண்ணீர் மடமடவென்று இறங்கியது. பிறகு என் படியில் உறைந்ததையெல்லாம் மதியம்வரை அவளே செதுக்கினாள். நான் சூடாகத் தேநீர் கொடுத்துவிட்டுத் திட்டினேன்.

மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. போய்ப் பார்த்தேன்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. ஆனா இது விழுந்த வலி இல்லடி. வேல செஞ்ச வலி." சிரித்துக்கொண்டே புரண்டு படுத்தாள்.

5.

முடிவுகள்.

அ) அக்கா மறுபடி வழுக்கி— இல்லை. எழுதக் கை வரவில்லை. எழுதினால் கடப்பாரை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஆ) அண்டா மேலே எழ, பிள்ளைகள் கைதட்ட— எங்கள் பிள்ளைகள் சூப்பு தாமதமானால்தான் தட்டுவார்கள். அதுவும் தட்டை.

இ) அக்கா சுலபமாகத் தூக்கிவிடுகிறாள். தூக்க முடியாமல் நிற்பது நான். இதற்குத்தான் பயமாக இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அவள் வாரினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளைப் பற்றி எழுதினேன்.

பள்ளி திறப்பது நாளைக்கு. அதற்கு மேல் எனக்கும் தெரியாது. அண்டா கொதித்து நிற்கும். அவள் ஒரு பிடி, நான் ஒரு பிடி. முட்டி மடங்கியிருக்கும், முதுகு நேராக இருக்கும். சேர்ந்து தூக்க எங்கள் ஊரில் ஒருவர், 'ஐலசா' மாதிரி, 'யொய்ஷோ' என்று குரல் கொடுக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ளவே சரியாக இருக்கும்.

குனிந்துவிட்டோம். அதை நீங்கள் சொல்லுங்கள்.