பதினோரு நாற்காலி

"என் சீட்லேருந்து எல்லாம் தெரியும்."

இந்த ஒரு வரிக்குத்தான் ஊரே எனக்குக் கை தட்டியது. பள்ளிக்கூட ஹாலில் நடந்த முதல் தேர்தல் விவாதத்தில், மருந்துக்கடைக்காரரின் முகத்துக்கு நேராக அதைச் சொன்னேன். மறுநாளே என் படத்துக்குக் கீழே அந்த வரியைப் போட்டுச் சுவர் சுவராக ஒட்டிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவள் நான். நகரசபைத் தேர்தலில் டிரைவர்கள் சங்கம் என்னை நிறுத்தியிருந்தது. எதிரே நின்ற மருந்துக்கடைக்காரருக்கு ஒரே கோரிக்கைதான், கடைத்தெருவுக்குள் பஸ் வரக்கூடாது. தெருவுக்குள் திரும்புகிற வளைவில் நடந்து போகிறவர்கள் டிரைவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றார். இருமலுக்கு மருந்து கொடுக்கிறவருக்கு ஸ்டியரிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வரி எனக்குப் புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் டிப்போவில் நடந்த விசாரணையிலும் அதைச் சொல்லியிருந்தேன். அதே வளைவில் என் தங்கை புருஷன் ஓட்டிய பஸ் ஒரு தபால்காரம்மாவை இடித்துக் காலை முறித்துவிட்டது. "சத்தியமா தெரியல சார், அவங்க அங்க நின்னதே எனக்குத் தெரியல" என்று மாப்பிள்ளை அழுதார். மூத்த டிரைவர் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சொந்தக்காரர் என்று பூசி மெழுகிவிட்டாள் என யாரும் சொல்லிவிடக்கூடாதே என்ற வீறாப்பு எனக்கு. "அந்த சீட்லேருந்து எல்லாம் தெரியும். தெரியலன்னா அவர் பார்க்கலன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கிறார். தங்கை என்னோடு பேசுவதில்லை. நியாயம் என்று வந்தால் சொந்தமாவது பந்தமாவது என்று நான் மார் தட்டிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது விவாதம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அதற்கு முந்தின நாள் மதியம், ஷிப்ட் மாறுகிற இடைவெளியில், என் கண்டக்டர் ஒரு யோசனையோடு வந்தான். பதினைந்து வருடமாக என் பஸ்ஸில் விசில் அடிக்கிறவன். அதனால் விசில் என்பதே அவன் பெயராகிவிட்டது.

"அக்கா, வாயால சொன்னா அந்த ஆளு மறுத்துப் பேசுவாரு. படம் எடுத்துக் காட்டிட்டா?"

ஓய்வறையில் இருந்த பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தூக்கி வந்து பஸ்ஸின் மூக்கைச் சுற்றிக் கதவுப் பக்கம் வரை அரைவட்டமாகப் போட்டான். கடைத்தெரு வளைவில் ஜனங்கள் நிற்கிற மாதிரியே. நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து செல்போனை நீட்டினேன். படம் எடுத்து, அதன் மேல் எழுத வேண்டியதை மனதுக்குள் எழுதியும் முடித்துவிட்டேன்.

"எண்ணுங்கக்கா!" என்று கீழேயிருந்து கத்தினான்.

எண்ணினேன். ஏழு.

"நாலு குறையுது. ஒழுங்கா போடு."

"பதினொண்ணும் இருக்குக்கா. நான் ஒன்பதாவது மேல நின்னுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு அவனும் தெரியவில்லை. கதவோரத்து இரும்புத் தூண், அதில் மாட்டிய டிக்கெட் மெஷின், பழைய மாடல் பஸ்ஸைவிட உயரமான முன்பக்கம், எல்லாம் சேர்ந்து ஓர் ஆளையே விழுங்கியிருந்தன. அந்த மூலையைக் காட்டத்தான் வெளியே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. ஆனால் எங்கள் டிப்போவில் யாரும் அதை முன்பக்கம் வைப்பதில்லை. பின்கதவில் தொற்றிக்கொண்டு வருகிறவன் விழுந்துவிட்டால் எங்கள் தலை உருளும் என்று, பின்கதவு தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக்கொடுப்பேன். மாப்பிள்ளைக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கண்ணாடியை முன்பக்கம் திருப்பும்படி விசிலிடம் சொன்னேன். இப்போது ஒன்பது தெரிந்தது. இரண்டு அப்போதும் தெரியவில்லை. பின்கதவு சுத்தமாக மறைந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக நான் யாரையும் இடிக்காததற்கு என் கண் காரணமில்லை. ஜனங்கள் பஸ்ஸைப் பார்த்து ஒதுங்கியதுதான் காரணம்.

சங்கச் செயலாளர் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். நாற்காலிகளை அவரே அவசரமாக அடுக்கத் தொடங்கினார்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? டிரைவருக்குக் கண்ணு தெரியாதுன்னு நீயே மேடை ஏறிச் சொல்லுவியா? நாளைக்கு எவன் விழுந்தாலும் நம்ம தலையிலதான் கட்டுவான்."

"தெரியலங்கிறது உண்மைதானே?"

"உண்மைதான். அதை யாரு கேட்டா? பொய் சொல்ல வேண்டாம்மா. சும்மா இரு. பஸ்ஸைப் பத்தி அந்த ஆளு கேட்டா, குப்பை அள்ளுறதைப் பத்திப் பேசு."

விவாதம் என்றால் இவருக்கு அவ்வளவுதான். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததைப் பேசுவது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த ராத்திரி தூக்கமும் வரவில்லை.

ஞாயிறு மாலை ஹால் நிறைந்திருந்தது. முன் இரண்டு வரிசையும் எங்கள் டிரைவர்கள். தலைமையாசிரியை நடுவில் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் முடிந்தால் அடிப்பதற்குப் பள்ளிக்கூட மணியைப் பக்கத்தில் வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் பத்துப் பக்கக் குறிப்போடு வந்திருந்தார். முதல் பேச்சு என்னுடையது.

"போன தடவை இதே இடத்துல நின்னு, என் சீட்லேருந்து எல்லாம் தெரியும்னு சொன்னேன். நீங்களும் கை தட்டினீங்க. நான் சொன்னது தப்பு. நேத்து பதினோரு நாற்காலி போட்டுப் பார்த்தேன். நாலு தெரியல. அதுல ஒண்ணு மேல நின்ன ஆளும் தெரியல. கடைத்தெருவுக்குள்ள பஸ் போகக்கூடாது. இவர் சொன்னதுதான் சரி."

உடனே முன்வரிசையிலிருந்து ஒருத்தன், "பல்டி!" என்று கத்தினான். "இறங்கு கீழ!" என்றான் இன்னொருத்தன். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரரைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. பத்துப் பக்கமும் என்னை மடக்குவதற்காக எழுதிக்கொண்டு வந்தது. மடங்கியவளை என்ன செய்வது என்று ஒரு பக்கத்திலும் இல்லை. கொஞ்சம் புரட்டிவிட்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? அன்னிக்கு ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சு. நிலையா நிக்கத் தெரியாதவங்களை நம்பி ஊரை ஒப்படைக்கலாமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சார், நீங்க சொன்னது சரின்னு சொல்றேன். அதுக்கும் திட்டுறீங்க. வளைவு வந்தப்புறமும் நான் நேராத்தான் போவேன்னு அடம் பிடிச்ச டிரைவரைப் பாத்திருக்கீங்களா? பாத்திருந்தா ஆஸ்பத்திரியிலதான் பாத்திருப்பீங்க!"

பின்வரிசைகள் சிரித்தன. கைதட்டலும் கொஞ்சம் வந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். என் தங்கை. இரண்டு வருடம் கழித்து அவள் குரலை அங்கேதான் கேட்டேன்.

"நாலு நாற்காலி தெரியலன்னியே. அப்போ அந்த விசாரணையில சொன்னது? அதையும் சொல்லு."

தலைமையாசிரியை அவசரமாக மணியைத் தூக்கினார். "இது தேர்தல் விவாதம்மா. குடும்ப விஷயத்தை வெளியில வெச்சுக்கோங்க." எனக்கு வழி விட்டார், புண்ணியவதி. தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மனம் மாறினேன் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியாயிற்று. மாறாமல் இருந்தபோது யார் தலையில் வண்டியை ஏற்றினேன் என்பதைச் சொல்லாமலே வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் பாதியைத்தான் நான் மறைத்து வைத்திருந்தேன். அவள் சரியாக அங்கேயே கையை வைத்தாள்.

"நீங்க மணியடிங்க மேடம், நான் முடிக்கல" என்றேன். அவர் அடித்தார். மணிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் தெரியலன்னு அழுதாரு. பார்க்கலன்னு நான் சொன்னேன். ஒரு தடவைகூட நாற்காலி போட்டுப் பார்க்காம சொன்னேன். அந்த மூலையைக் காட்டுற கண்ணாடியைப் பின்கதவுப் பக்கம் திருப்பி வெக்கச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அதை அன்னிக்கு நான் சொல்லவேயில்ல. அவரு பார்த்தாரு. அவருக்குத் தெரியல. அவரு வேலை போனது என்னால. இதுக்கு மேல ஓட்டுப் போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்!"

முன்வரிசை மொத்தமும் எழுந்து வெளியே போயிற்று. நாற்காலிகள் தரையில் உரசிய சத்தம் அடங்கியபோது தங்கை நின்ற இடமும் காலியாக இருந்தது.

அடுத்த வாரம் தோற்றேன். சுற்றி வளைத்துச் சொல்வானேன், படுதோல்வி. நான் தோற்றதைவிட, ஒட்டிய போஸ்டர்களைக் கிழிக்கிற வேலை தன் தலையில் விழுந்ததுதான் விசிலுக்குக் கோபம்.

தேர்தல் முடிவு வந்த பிறகு, திங்கட்கிழமை காலை, விசாரணையில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று கைப்பட எழுதி டிப்போ மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு என் பக்கமே தள்ளினார்.

"ஃபைல் மூடியாச்சும்மா. இதை வாங்கினா உங்க மேலதான் நடவடிக்கை எடுக்கணும்."

"எடுங்க சார்."

"தேர்தல்ல தோத்த கடுப்புல எதையாவது செஞ்சு வெக்காதீங்க. அந்த சீட்லேருந்து எல்லாம் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்க. தெரிஞ்சா இந்தக் காகிதத்தை நானே கிழிச்சுப் போடறேன்."

என்னைக் கிளப்பிவிட்டால் போதும் என்று எழுந்து வந்தார். பின்பக்கமாகச் சுற்றி அழைத்துப் போய் டிரைவர் கதவு வழியாக ஏற்றினேன். டிரைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு தூர நின்றார்கள். நாற்காலி தூக்க ஒருவரும் வரவில்லை. விசில் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே பதினொன்றையும் போட்டு வைத்திருந்தான். கண்ணாடி, நாங்கள் வழக்கமாக வைக்கிற மாதிரியே பின்கதவைப் பார்த்திருந்தது.

"எண்ணுங்க சார்."

மேனேஜர் விரலை நீட்டி எண்ணினார். "ஏழு. ஏழும் காலி. இதுல என்ன இருக்கு?"

"வேற யாராவது இருக்காங்களா?"

முன்கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். "ஒருத்தரும் இல்லையேம்மா."

அவர் கண்ணுக்குத் தெரியாத நாற்காலிகள் இரண்டில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று விடியற்காலையில் நான் போய்க் கூப்பிட்டபோது தங்கை கதவைத் திறந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மாப்பிள்ளை பெட்ரோல் பங்க் யூனிஃபார்மோடே வந்திருந்தார். முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கைதான் கத்தினாள். கட்டிப்போட்ட இரண்டு வருடக் கோபமும் அந்தக் குரலில் இருந்தது.

"நாங்க இங்கதான் இருக்கோம் சார்! தெரியலன்னு எழுதுங்க!"